கம்பத்தில் ஒரு கடல்! வீட்டுக்குள் பவளப்பாறை கட்டலாமா?

முல்லைப் பெரியாறு தண்ணீர் இருக்கிறது. தூத்துக்குடி உப்பு இருக்கிறது. இரண்டையும் கலந்தால் கடல்தானே?

இல்லை!

அந்தத் தண்ணீரில் கடல் மீனை விட்டால் ரொம்ப நாள் தாங்காது. ஏன் என்பதைப் பிறகு பார்ப்போம். முதலில் இந்த ஆசை எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம்.

தேனி மாவட்டத்துக்குக் கடல் கிடையாது. மலையைத் தாண்டிக் குதித்தால் அரபிக் கடல். பஸ் ஏறினால் மதுரை, ராமநாதபுரம் வழியாக 200 கி.மீ.க்கு மேல் போய் மண்டபத்தில்தான் உப்புக் காற்று மூக்கில் படும். நம்ம பக்கத்து ஆட்களுக்குத் தெரிந்த மீன் எல்லாம் வைகை அணை ஜிலேபியும், கட்லாவும், ரோகுவும்தான்.

ஆனால் 2003-ல் 'ஃபைண்டிங் நீமோ' என்று ஒரு கார்ட்டூன் படம் வந்தாலும் வந்தது, ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன் உலகம் முழுக்கக் குழந்தைகளின் செல்லமாகி விட்டது. இப்போது செல்போனைத் திறந்தால் போதும். ஜெர்மனியில் ஒருவர், அமெரிக்காவில் ஒருவர், வீட்டு ஹாலில் ஆளுயரத் தொட்டி வைத்து, உள்ளே பவளம் பூத்துக் கிடக்க, மீன் நீந்த, வீடியோ போடுகிறார்கள்.

கம்பத்தில் ஒரு திராட்சைத் தோட்டக்காரர். பெயர் வேண்டாம், நாமே கற்பனை செய்த ஆள்தான். பன்னீர் திராட்சை இந்த வருஷம் நல்ல விலைக்குப் போயிருக்கிறது. கையில் காசு. வீட்டில் 8 வயதுப் பெண் குழந்தை.

"அப்பா, நம்ம வீட்லயும் நீமோ வளக்கலாம்ப்பா!"

"அதுக்கென்ன தங்கம், பெருசாவே கட்டிருவோம்!"

அடுப்படியிலிருந்து சத்தம் வருகிறது. "ஏங்க, கடல்ல இருக்க வேண்டிய மீனு கம்பத்துல எப்பிடிங்க பொழைக்கும்?"

அந்த அம்மாள் கேட்டது நியாயமான கேள்வி. பதில் - பிழைக்கும். ஆனால்...?

பேதி உப்பு போட்ட கடல்!

கடல் இல்லாத ஊரில் கடல் செய்வது புதிய வித்தை அல்ல. 1853-லேயே லண்டன் மிருகக்காட்சி சாலையில் மீன்களுக்கென்று தனி வீடு கட்டி ஜனங்களுக்குக் காட்டினார்கள். கடல் நீரை வண்டி வண்டியாகக் கொண்டு வருவது கட்டுப்படியாகவில்லை. பிலிப் கோஸ் என்ற இயற்கை ஆராய்ச்சியாளர் 1854-ல் ஒரு வழி கண்டுபிடித்தார். சமையல் உப்பு, மெக்னீசியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு, அத்தோடு எப்சம் உப்பு. அதாவது நம்ம பாட்டிமார் வயிறு சுத்தம் பண்ணக் கொடுக்கும் அதே பேதி உப்பு! நாலையும் அளவாகக் கலந்து செயற்கைக் கடல் நீர் தயாரித்து, கடல் உயிர்களை அதில் வாழ வைத்துக் காட்டினார்.

நம்ம மதராஸும் சளைத்ததல்ல. மியூசியத்தின் தலைவராக இருந்த எட்கார் தர்ஸ்டன் முயற்சியால் 1909-ல் மெரினா கடற்கரையிலேயே கடல் மீன் காட்சி சாலை திறக்கப்பட்டது. காசு கொடுத்துக் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அது மூடப்பட்டு விட்டது.

வீட்டுத் தொட்டியில் பவளத்தையே உயிரோடு வளர்த்துக் காட்டிய கில்லாடி, இந்தோனேசியாவின் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங். கடலில் கிடந்த உயிருள்ள கல், கொஞ்சம் காற்றுக் குமிழி, நல்ல வெளிச்சம். அவ்வளவுதான் அவர் சரக்கு. 1961-ல் அவர் அதைப் பற்றி எழுதியதைப் பார்த்து வெள்ளைக்காரர்கள் வாயைப் பிளந்தார்கள். ஆனால் அவருக்குக் கடல் பக்கத்திலேயே இருந்தது. கம்பத்துக்காரருக்கு இல்லையே!

14 பேர் ஏறி நிற்கும் மூலை

சரி, கட்டத் தொடங்குவோம். 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம். ஹாலில் வைத்தால் எடுப்பாக இருக்கும். 24 கன அடி. ஒரு கன அடிக்கு 28 லிட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். ஆக, சுமார் 680 லிட்டர்.

கடல் நீர் நல்ல தண்ணீரை விடக் கனம். தண்ணீர் மட்டும் 700 கிலோ. 12 மில்லி மீட்டர் கண்ணாடி 120 கிலோ. உள்ளே போடும் கல், இரும்பு ஸ்டாண்டு, ஸ்டாண்டுக்கு அடியில் வடிகட்டுவதற்கு இன்னொரு சின்னத் தொட்டி எல்லாம் சேர்ந்தால் ஒரு டன்னைத் தாண்டி விடும்.

75 கிலோ எடையுள்ள 14 பேர், ஒரு கட்டில் அளவு கூட இல்லாத இடத்தில், ராத்திரி பகலாக இறங்காமல் நிற்கிறார்கள் என்று நினைத்துக் கொள்ளுங்கள்!

வீட்டு மாடித் தளத்தைப் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 200 கிலோ சுமை என்ற கணக்கில் போடுவார்கள். இந்தத் தொட்டி 900 கிலோவுக்கு மேல் அழுத்தும். எனவே மாடி ஹால் ஆசையை மூட்டை கட்டி விட வேண்டியதுதான். கீழ்த்தளம், சுவரோரம், சிமெண்டுத் தரை. அதிலும் கொத்தனாரைக் கூப்பிட்டு ரசமட்டம் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் கொஞ்சம் சரிந்தாலும் கண்ணாடியின் ஒரு மூலை மட்டும் பாரம் தாங்கும். ஒரு நாள் ராத்திரி 'படார்' என்று சத்தம் கேட்கும். ஹால் முழுக்கக் கடல்தான்!

அடிக் கண்ணாடிக்குக் கீழே ஒரு தெர்மகோல் அட்டை. ஓட்டுவதற்கு சிலிக்கான் பசை. பசை காய்ந்ததும் முதலில் சாதாரணத் தண்ணீர் ஊற்றி ஒரு வாரம் வாசலில் வைத்து ஒழுகுகிறதா என்று பார்ப்பது கட்டாயம். அவசரக்காரர்கள் இதைத்தான் முதலில் விட்டு விடுகிறார்கள்.

உப்பளத்தில் நடக்கும் ரகசியம்

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். தூத்துக்குடி உப்பும் கடலிலிருந்து வந்ததுதானே? அதைத் தண்ணீரில் போட்டால் ஏன் கடல் ஆகாது?

ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் இருக்கின்றன. 'உப்புகள்' என்று பன்மையில் சொல்வதைக் கவனியுங்கள்! நூற்றுக்கு 85 பங்கு நாம் சாப்பிடும் உப்பின் சரக்கு. மிச்சம் 15 பங்கில்தான் மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம், சல்பேட் என்று ஒரு பட்டாளம் இருக்கிறது. கடல் பிராணிக்கு அந்த 15 பங்கும் உயிர்.

உப்பளத்தில் என்ன நடக்கிறது? கடல் நீரைப் பாத்தி கட்டி வெயிலில் காய விடுகிறார்கள். தண்ணீர் சுண்டச் சுண்ட, முதலில் சுண்ணாம்புச் சத்து படிகிறது. அடுத்து ஜிப்சம் படிகிறது. அதோடு கால்சியம் பெரும்பாலும் போய் விட்டது! அதற்கப்புறம்தான் பளபளவென்று உப்பு விளைகிறது. உப்பை வாரிய பிறகு பாத்தியில் கசப்பான தண்ணீர் ஒன்று மிச்சம் நிற்கும். மெக்னீசியம் எல்லாம் அதில். அது கலந்தால் உப்பு கசக்கும் என்று தனியே வடித்து விடுகிறார்கள்.

கடலைப் பிரித்து, நாக்குக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக் கொண்டதுதான் நம்ம உப்பு. அதைத் திரும்பத் தண்ணீரில் போட்டால் சாம்பாருக்கு ஆகும். கடலுக்கு ஆகாது!

இதற்கென்று எல்லா உப்பும் சேர்த்த தனிக் கலவை பக்கெட்டில் விற்கிறது. தொட்டிக்கு முதல் தடவை 25 கிலோ தேவைப்படும். அதன் பிறகு பத்தில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றும்போதெல்லாம் இரண்டரை கிலோ. மாசத்துக்கு இரண்டு தடவையாவது மாற்ற வேண்டும். கலவையை மீன் தலையில் கொட்டக் கூடாது. தனி பிளாஸ்டிக் டிரம்மில் போட்டு, மோட்டார் விட்டு ஒரு நாள் முழுக்கச் சுற்ற விட வேண்டும். பால்மானி மாதிரி ஒரு மானி இருக்கிறது. அதைத் தண்ணீரில் போட்டு 1.025 காட்டுகிறதா என்று பார்த்து விட்டுத்தான் ஊற்ற வேண்டும்.

தண்ணீர்?

பென்னிகுவிக் துரை 1895-ல் மலையைக் குடைந்து இந்தப் பக்கம் திருப்பி விட்ட பெரியாற்றுத் தண்ணீர் குடிக்க அமிர்தம். ஆனால் குழாயில் வருவதில் குளோரின் இருக்கும். வயல் வழியாக வருவதில் உரச் சத்து இருக்கும். போர் தண்ணீரில் என்னென்ன கரைந்திருக்கிறது என்று பூமாதேவிக்குத்தான் தெரியும். ஆகவே ஆர்.ஓ. மிஷினில் எல்லாவற்றையும் உருவி எடுத்து, வெறும் தண்ணீராக்கி, அதில் உப்புக் கலவையைப் போட வேண்டும். அணைத் தண்ணீருக்கும் அதே மரியாதைதான்!

மயில்துத்தம் ஜாக்கிரதை!

திராட்சைத் தோட்டக்காரர் என்பதால் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

திராட்சைக் கொடிக்குச் சாம்பல் நோய், அடிச்சாம்பல் நோய் வராமல் மருந்து அடிப்பார்கள். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை இந்தப் பள்ளத்தாக்கில் சின்னப் பையனுக்கும் தெரியும். மயில்துத்தம் என்றால் செம்புச் சத்து. கடல் நத்தைக்கும் இறாலுக்கும் பவளப் பூச்சிக்கும் செம்பு எமன்! துளி போதும்.

மருந்து அடித்து விட்டு வந்து, சட்டையைக் கழற்றாமல், "குட்டி என்ன பண்ணுது?" என்று தொட்டிக்குள் கையை விட்டால் கதை முடிந்தது. தண்ணீர் மொள்ளச் செம்புக் குடம் கூடாது. பித்தளைக் குழாய் கூடாது. சாமி விளக்கை மேலே வைப்பது கூடாது. எல்லாம் பிளாஸ்டிக்தான். பாட்டி செம்புத் தண்ணீர் உடம்புக்கு நல்லது என்பார். மனுஷனுக்குச் சரி!

6 வாரம் வெறும் தொட்டி

தொட்டி வந்தாயிற்று, தண்ணீர் ஊற்றியாயிற்று, விளக்குப் போட்டாயிற்று. ஊரே வந்து பார்க்கிறது. உள்ளே என்ன இருக்கிறது?

ஒன்றும் இல்லை!

"என்னண்ணே, மீனக் காணோம்? பூனை தின்னுருச்சா?" - இது எதிர்க் கடைக்காரர்.

சிரிக்கட்டும். மீன் விடக் கூடாது. பச்சை எருவை அப்படியே செடிக்குப் போட்டால் செடி கருகிப் போகிறதல்லவா? மக்க வைத்துத்தானே போடுகிறோம்? அதே கதைதான் இங்கேயும். மீன் கழிவிலிருந்து அமோனியா வரும். அது விஷம். அமோனியாவைத் தின்னும் கிருமி ஒன்று உண்டு. அது தின்று கக்குவது நைட்ரைட். அதுவும் விஷம். அதைத் தின்ன இன்னொரு கிருமி வந்து நைட்ரேட்டாக மாற்றினால்தான் ஆபத்து குறையும். இரண்டு கூட்டமும் கல்லிலும் மணலிலும் குடியேறிப் பெருக 4 முதல் 6 வாரம் ஆகும்.

இந்தியாவிலும் சரி, வெளிநாட்டிலும் சரி, கடல் தொட்டி வைத்து முதல் மாசத்திலேயே மீனைச் சாகக் கொடுத்தவர்களைக் கேட்டால் பெரும்பாலும் இந்த 6 வாரத்தைத்தான் தாண்டிக் குதித்திருப்பார்கள். தண்ணீர் பார்ப்பதற்குக் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும். விஷம் கண்ணுக்குத் தெரியாது. சொட்டு மருந்து விட்டு நிறம் பார்க்கும் சோதனைப் பெட்டி வாங்கி, அமோனியாவும் நைட்ரைட்டும் சுழியாக நிற்பதைப் பார்க்கும் வரை தொட்டி வெறும் தொட்டிதான்.

புரோட்டீன் ஸ்கிம்மர் என்று ஒரு குழாய்க் கருவி வேண்டும். பொடிப் பொடியாகக் காற்றுக் குமிழிகளைக் கிளப்பி, கழிவை நுரையாக மேலே ஏற்றி ஒரு கோப்பையில் தள்ளி விடும். வெல்லம் காய்ச்சும் கொட்டகையில் கொப்பரை மேல் அழுக்கு நுரையை அள்ளி எறிவார்களே, ஏறக்குறைய அந்த வேலை. கோப்பையில் சேரும் கருப்புத் தண்ணீரின் வாசனையைப் பற்றி இங்கே எழுதாமல் இருப்பதே நல்லது. அப்புறம் அலை உண்டாக்க இரண்டு மோட்டார், எல்.இ.டி. விளக்கு.

சித்திரை வெயிலும் கரண்டும்

பவளக் கடலின் உயிர்களுக்குச் சுகமான வெப்பம் 25, 26 டிகிரி. சித்திரையில் தேனி வெயில் என்ன என்று வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தண்ணீர் மேல் ஃபேன் காற்று விட்டால் இரண்டு மூன்று டிகிரி குறையும். ஆனால் தண்ணீர் வேகமாகச் சுண்டும். சுண்டுவது தண்ணீர்தான், உப்பு அங்கேயே இருக்கும். ஆகவே தினமும் குறைகிற அளவுக்கு நல்ல தண்ணீரை ஊற்ற வேண்டும். உப்புத் தண்ணீரை அல்ல! இதில் தவறி உப்பை ஏற்றிக் கொண்டே போகிறவர்கள் நிறைய. தொட்டிக் கண்ணாடியில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, காலையில் எழுந்ததும் அந்தக் கோடு வரை ஊற்றுவது பழைய ஆட்களின் பழக்கம். ஆடி மாசம் கணவாய் வழியாக அடிக்கும் காற்றில் ஜன்னலைத் திறந்து வைத்தால் இன்னும் வேகமாகச் சுண்டும். தூசி வேறு வந்து விழும்.

ஃபேன் போதாதென்றால் சில்லர் என்ற குளிரூட்டும் மிஷின். அது வந்தால் மீட்டர் ஓடும். எல்லாக் கருவியும் சேர்ந்து சராசரி 300 வாட் இழுத்தால் ஒரு நாளைக்கு 7 யூனிட்டுக்கு மேல். இரண்டு மாசக் கணக்கில் 430 யூனிட்! வீட்டுக்குக் கிடைக்கும் 100 யூனிட் இலவச மின்சாரம் நீமோவுக்கு இரண்டு வாரத்துக்குத்தான் வரும்.

கரண்ட் நின்றால்? 2012-ல் தமிழ்நாடு பட்ட பாடு மறந்திருக்காது. அலை நின்றால் தண்ணீரில் காற்று ஏறாது. சில மணி நேரத்தில் மீன் மேலே வந்து வாயைத் திறக்கும். டி.வி.க்கு இன்வெர்ட்டர் இல்லாவிட்டாலும் தொட்டிக்கு வேண்டும். பேட்டரியில் ஓடும் சின்னக் காற்று பம்ப் ஒன்றாவது அலமாரியில் இருக்க வேண்டும்.

மொத்தச் செலவு? லட்சங்களில் பேச வேண்டும். தொட்டியோடு முடிந்து விடும் என்று நினைக்கிறவர் ஜவுளிக் கடைக்குள் கைக்குட்டை வாங்கப் போனவர்.

புலித் தோலும் பவளமும் ஒன்றே!

இவ்வளவும் செய்தாயிற்று. இனி பவளம் வேண்டும். இங்கேதான் ஆபத்து காத்திருக்கிறது.

"ராமேசுவரம் பக்கமிருந்து ஒரு கல்லு கொண்டாரட்டுமாண்ணே? உசுரோட இருக்கும். யாருக்கும் தெரியாது" என்று ஒருவர் வந்து நின்றால், வாசலோடு அனுப்பி விடுங்கள்!

மேகமலைக் காட்டில் புலியைத் தொட்டால் என்ன ஆகும் என்று தேனி மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். முதல் அட்டவணை. அதே முதல் அட்டவணையில்தான் பவளமும் இருக்கிறது! 2001-ல் பாறை கட்டும் பவளங்கள், கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி எல்லாவற்றையும் அதில் சேர்த்து விட்டார்கள். கடல் குதிரை, கடல் அட்டையும் கூடத்தான். கடல் அட்டை கடத்தியவர் கைது என்று ராமநாதபுரம் செய்தி அடிக்கடி வருகிறதே, அதே சட்டம்.

தண்டனை 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை ஜெயில். அபராதம் தனி. உயிருள்ள பவளமா, செத்த கல்லா, உடைந்த துண்டா என்ற வித்தியாசம் கிடையாது. ஷோகேஸில் வைக்கும் வெள்ளைப் பவளத் துண்டும் இதில் அடக்கம். "தெரியாம வாங்கிட்டேன் சார்" என்று சொன்னால் விட்டு விட மாட்டார்கள். 'லைவ் ராக்' என்ற பெயரில் விற்கும் கல்லும் பெரும்பாலும் பவள எலும்புதான். பெயர் மாறினால் சட்டம் மாறாது. சந்தேகம் இருந்தால் வாங்குவதற்கு முன்பே வனத்துறை ஆபீசுக்கு ஒரு நடை போய்க் கேட்டு விடுவது உத்தமம்.

ஏன் இவ்வளவு கெடுபிடி? காரணம் இருக்கிறது.

ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே கடலில் வரிசையாக 21 தீவுகள். சுற்றிலும் பவளப்பாறை. 1986-ல் அதைத் தேசியக் கடல் பூங்கா ஆக்கினார்கள். அதற்கு முன்னும் பின்னும் பல காலம் அங்கே என்ன நடந்தது தெரியுமா? பவளத்தை வெட்டி எடுத்து, வள்ளத்தில் ஏற்றி, காளவாசலில் போட்டு எரித்துச் சுண்ணாம்பு ஆக்கினார்கள்! வீடு கட்ட, வெள்ளை அடிக்க, தொழிற்சாலைக்கு அனுப்ப. பாறை போனதால் அலையைத் தடுக்க ஆள் இல்லை. பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போய் விட்டன. இருந்த தீவு இல்லை!

தூத்துக்குடி வான் தீவும் அந்த வழியில்தான் தேய்ந்து கொண்டிருந்தது. 2015 கடைசியிலிருந்து துளை போட்ட கான்கிரீட் கட்டுமானங்களைச் செய்து தீவைச் சுற்றிக் கடலுக்குள் இறக்கினார்கள். 2022 வரை பத்தாயிரத்துக்கும் மேல். தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2002-லிருந்தே பவளக் கிளைகளை நாற்று நடுவது போல நட்டு வருகிறார்கள். கடலே ஒரு டிகிரி இரண்டு டிகிரி கூடுதலாகச் சூடாகிற வருஷத்தில் பவளம் வெளுத்துச் சாகிறது. 1998, 2010, 2016 மூன்று தடவையும் மன்னார் வளைகுடாவில் அடி பலம்.

ஒரு விசித்திரம் பாருங்கள். பவளம் வளர்க்கச் சட்டம் இடம் கொடுக்கும் வெளிநாடுகளில், தொட்டியில் கால்சியம் குறையாமல் இருக்க ராத்திரி நேரத்தில் தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுகிறார்கள். வெற்றிலைக்குத் தடவுகிறோமே, அதே சுண்ணாம்பின் சுத்தமான வகை. அங்கே சுண்ணாம்பைக் கொடுத்துப் பவளம் வளர்க்கிறார்கள். இங்கே பவளத்தை எரித்து வெற்றிலைக்குத் தடவியிருக்கிறோம்.

அப்படியானால் கம்பத்துத் தொட்டியில் என்ன வைப்பது? கல்லும் செயற்கைக் கல்தான். பீங்கானில் செய்த கல் கிடைக்கிறது. சிமெண்டிலும் செய்யலாம். ஆனால் சிமெண்டுக் காரம் போகும் வரை வாரக் கணக்கில் தண்ணீர் மாற்றி மாற்றி ஊற வைக்க வேண்டும். குகையும் சந்துமாக அடுக்கினால் ஆறு மாசத்தில் பாசி படர்ந்து ஊதா நிறத்தில் பூசினாற்போல் ஆகி விடும். வான் தீவுக்கே கான்கிரீட் என்றால் நம்ம ஹாலுக்கு என்ன குறைச்சல்?

அம்மா செத்தால் அப்பா அம்மாவாகும் அதிசயம்!

நல்ல செய்தியும் இருக்கிறது. கோமாளி மீனைக் கடலில் பிடிக்க வேண்டியதே இல்லை!

மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1947-ல் தொடங்கிய நிலையம். தலைமை ஆபீஸ் 1971-ல் கொச்சிக்குப் போய் விட்டாலும் மண்டபம் கிளை வேலை நிற்கவில்லை. அங்கேயும் கேரளத்து விழிஞ்ஞத்திலும் கோமாளி மீனைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்து, குஞ்சு பொரித்து வளர்த்துக் காட்டி விட்டார்கள். மகளிர் குழுக்களுக்குக் குஞ்சு கொடுத்து வளர்க்கவும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பண்ணையில் பிறந்த மீன் தொட்டியைப் பார்த்து மிரளாது. போட்ட தீனியைத் தின்னும். பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா பக்கம் பல ஆண்டுகளாகப் பாறை இடுக்கில் சயனைடு பீய்ச்சி மீனை மயக்கிப் பிடிக்கும் கொடுமையும் நடந்திருக்கிறது. அப்படிப் பிடித்த மீன் வீட்டுக்கு வந்து சில வாரத்தில் காரணம் தெரியாமல் சாகும்.

இந்தக் கோமாளி மீனின் குடும்பக் கதையைக் கேட்டால் சினிமாக்காரர்கள் கூட வெட்கப்படுவார்கள்.

பிறக்கும்போது எல்லாம் ஆண்! கூட்டத்தில் பெரியதாக வளர்வது பெண்ணாகி விடும். அடுத்த பெரியது அதன் புருஷன். மற்றதெல்லாம் சின்னப் பயல்கள், வளராமல் அடங்கிக் கிடக்கும். பெண் மீன் செத்துப் போனால்? புருஷன் பெண்ணாக மாறி விடும்! அடுத்த பயல் புருஷனாகப் பதவி உயர்வு பெறுவான்.

முட்டையைக் காவல் காப்பது அப்பா வேலை. துடுப்பால் விசிறி, கெட்டுப் போன முட்டையைப் பொறுக்கி, சுமார் ஒரு வாரம். நீமோ படத்தில் அம்மா மீன் இறந்து அப்பா மீன் பிள்ளையைத் தேடி அலைகிறதே, நிஜக் கடலாக இருந்தால் அந்த அப்பா அம்மாவாகி விட்டிருப்பார். படம் எடுத்தவர்கள் அதைச் சொல்லாமல் விட்டு விட்டார்கள்!

இன்னொன்று. இந்த மீன் கடல் சாமந்தி என்ற கொட்டும் பிராணியின் நடுவே குடியிருக்கும். மற்ற மீன் போனால் கொட்டும். கோமாளியின் தோலில் உள்ள கொழகொழப்பு அதைக் காப்பாற்றுகிறது. தொட்டியில் சாமந்தி இல்லாமலும் அது நன்றாகவே இருக்கும். ஒழுங்காகப் பார்த்துக் கொண்டால் 10 ஆண்டுக்கு மேலும் வாழும். 8 வயதுக் குழந்தை காலேஜ் போகும் வரை என்று கணக்குப் போட்டுக் கொள்ளுங்கள்.

680 லிட்டர் இருக்கிறதே என்று 40 மீனை விடக் கூடாது. முதலில் ஒரு ஜோடி. ஒரு மாசம் கழித்து இன்னொரு ஜோடி வேறு மீன். அதற்கப்புறம் பார்த்துக் கொள்ளலாம். ஆக்சிஜன் அடைத்த பையில் பயணம் வந்த மீனைப் பையோடு தொட்டியில் மிதக்க விட்டு, தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரம் சேர்த்து, பிறகுதான் விட வேண்டும். பைத் தண்ணீரைத் தொட்டிக்குள் ஊற்றாமல் சாக்கடையில் கொட்டுங்கள். அதில் என்ன நோய் வந்திருக்கும் என்று யார் கண்டது?

முதல் செலவு பஸ் டிக்கெட்

நம்ம திராட்சைத் தோட்டக்காரர் இவ்வளவையும் கேட்டு விட்டு நோட்டை மூடுகிறார்.

"அப்ப பவளம் வைக்க முடியாதுங்கிறீங்க."

"முடியாது அண்ணே."

"மீன் மட்டும் ஒரு ஜோடி."

"முதல்ல ஒரு ஜோடி."

"அதுக்கு ஆறு வாரம் வெறும் தண்ணிய நான் பாத்துக்கிட்டு உக்காரணும். ஊர்க்காரன் சிரிப்பான்."

"சிரிப்பான் அண்ணே."

அடுப்படியிலிருந்து மறுபடி சத்தம். "ஏங்க, வெளியூர் கல்யாணம் காட்சின்னு நாலு நாள் போனா அந்தக் கோடு வரைக்கும் தண்ணி யாருங்க ஊத்துறது?"

இதற்கு நம்மிடம் பதில் இல்லை. பக்கத்து வீட்டுப் பையனுக்கு இப்போதே சொல்லிக் கொடுத்து வைக்க வேண்டியதுதான்.

நமக்குத் தோன்றுவது இது. கண்ணாடிக் கடைக்குப் போகும் முன்னால் குழந்தையைக் கூட்டிக் கொண்டு மண்டபம் போய் வரலாம். பாம்பன் பாலத்துக்கு இந்தப் பக்கமே இருக்கிறது. ஆராய்ச்சி நிலையத்தில் ஜனங்கள் பார்க்க மீன் காட்சி சாலை உண்டு. எந்த நாள், எந்த நேரம் திறந்திருக்கும் என்று விசாரித்துக் கொண்டு போவது நல்லது. பண்ணையில் பிறந்த கோமாளி மீனைப் பற்றியும் அங்கேயே கேட்டுக் கொள்ளலாம். குழந்தை கண்ணாடியில் மூக்கை வைத்து அரை மணி நேரம் நிற்கிறதா, ஐந்து நிமிஷத்தில் ஐஸ்கிரீம் கேட்கிறதா என்பதையும் பார்த்துக் கொள்ளலாம்.

ஸ்டாண்டுக்கு வெல்டரிடம் அளவு கொடுப்பது அதற்கப்புறம்.